மேலே மின்சாரம், கீழே வெள்ளாமை: சோலார் பேனலும் விவசாயமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராபுரம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். சோளமும் கொள்ளும் விளைந்த மேட்டாங்காடுகளில் இப்போது கண்ணாடிப் பேனல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கம்பி வேலிக்குள் ஒரு கீரைச் செடிகூடக் கிடையாது. பேனல் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. பேனல் வந்ததும் வெள்ளாமையை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியதில்தான் வருத்தம். இரண்டும் ஒரே காட்டில் இருக்க முடியும். எல்லாக் காட்டிலும் அல்ல, எல்லாப் பயிருக்கும் அல்ல. ஆனால் முடியும். கூட்டங்களிலும் தொலைபேசியிலும் விவசாயிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பயிரோடு சேர்த்துப் பேனல் வைப்பது என்றால் என்ன? சாதாரண சோலார் பண்ணையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சாதாரண சோலார் பண்ணையில் பேனல்கள் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், நெருக்கமான வரிசைகளில் இருக்கும். கீழே எது முளைத்தாலும் களையென்று அழித்துவிடுவார்கள். ஒரு மெகாவாட்டுக்கு, அதாவது ஆயிரம் கிலோவாட்டுக்கு, நான்கு முதல் ஐந்து ஏக்கர் போகும்.

பயிரோடு சேர்ந்த முறையில் இரண்டு வழிகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று, பந்தல்போல உயரமான தூண்களின் மேல் பேனலை வைத்துக் கீழே பயிர் செய்வது. மற்றொன்று, பேனலைத் தாழ்வாகவே வைத்து, வரிசைகளுக்கு நடுவே அகலமாக இடம் விட்டு, அந்த இடைவெளியில் விதைப்பது. பேனலை வேலிபோலச் செங்குத்தாக நிறுத்தும் முறையும் ஜெர்மனியில் இருக்கிறது.

யோசனை பழையது. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் அடால்ஃப் கோட்ஸ்பெர்கர், ஆர்மின் சாஸ்ட்ரோ என்ற இரண்டு விஞ்ஞானிகள், பேனலைக் கொஞ்சம் உயர்த்தி இடைவெளி விட்டால் கீழே உருளைக்கிழங்கு விளையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2004இல் ஜப்பானில் அகிரா நாகஷிமா என்பவர் அதைத் தோட்டத்தில் செய்து பார்த்தார். ‘வெயிலைப் பங்கு போடுவது’ என்ற பொருளில் அங்கே அதற்குப் பெயர் வைத்தார்கள். எனக்குப் பிடித்த பெயர் அதுதான்.

நிழலில் எப்படிப் பயிர் விளையும்? நிழல் விழுந்தால் விளைச்சல் போய்விடும் என்றுதானே என் அப்பா வரப்போரத்து மரத்தை வெட்டினார்?

அப்பா செய்தது தவறில்லை. வேப்பமரத்து நிழல் ஒரே இடத்தில் அடர்த்தியாக விழும். அதன் வேரும் பயிரின் தண்ணீரைக் குடிக்கும். பேனலுக்கு வேர் கிடையாது, அதன் நிழலும் நாள் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

நிழலில் விவசாயம் செய்வது நமக்குப் புதிதும் அல்ல. பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நடந்து பாருங்கள். அகத்தி மரங்கள் மேலே இலை விரித்து நிற்க, வெயில் காசு காசாகச் சிதறித்தான் கொடிமேல் விழும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது உள்ளே மண் ஈரமாக இருக்கும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் ஜாதிக்காயும் கோகோவும் நிற்பதும், ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் காப்பி வளர்வதும் இதே கணக்குதான். மஞ்சள் காட்டில் ஊடே ஆமணக்கும் அகத்தியும் ஊன்றிய பெரியவர்களுக்கு எந்தப் பயிருக்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்பது கைப்பழக்கமாக இருந்தது.

இதன் காரணம் இலைக்குள் இருக்கிறது. பெரும்பாலான காய்கறி, பயறு, கீரை வகைகளின் இலைகள் உச்சிவெயிலில் பாதியளவு வெளிச்சம் கிடைத்தாலே தம்மால் முடிந்த அளவுக்கு உணவு தயாரித்துவிடும். அதற்கு மேல் விழும் வெயில் அவற்றுக்குப் பயன்படுவதில்லை. சூடேறுகிறது, தண்ணீர் ஆவியாகிறது, செடி வாடிவிடாமல் இருக்க இலையின் துளைகளை மூடிக்கொள்கிறது. மூடிய பிறகு வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. பங்குனி, சித்திரையில் மதியம் ஒரு மணிக்குத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் கத்தரிச் செடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மக்காச்சோளம், கரும்பு, சோளம், கம்பு போன்றவை வேறு இனம். அவை உச்சிவெயிலையும் முழுதாக வாங்கிக்கொள்ளும். அவற்றுக்கு நிழல் நேரடி நட்டம்.

சொல்வதெல்லாம் சரி, யாராவது எடை போட்டுப் பார்த்தார்களா?

பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகே ஹெகல்பாக் என்ற இடத்தில் 2016இல் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில், 5 மீட்டர் உயரத்தில் 194 கிலோவாட் பேனல்களை நிறுவியது. கீழே கோதுமை, உருளைக்கிழங்கு, செலரி, தீவனப்புல். 2017இல் உருளைக்கிழங்கு 18 சதவீதமும் கோதுமை 19 சதவீதமும் குறைவாக விளைந்தன. அடுத்த ஆண்டு கடும் வெயிலும் வறட்சியும். அந்த 2018இல் அதே நிலத்தில் செலரி 12 சதவீதம், உருளைக்கிழங்கு 11 சதவீதம், கோதுமை 3 சதவீதம் கூடுதலாக வந்தன.

இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மழை மிதமாக, வெயில் அளவாக இருக்கும் ஆண்டில் நிழல் விளைச்சலைக் குறைக்கிறது. காய்ந்து கிடக்கும் ஆண்டில் அதே நிழல் காப்பாற்றுகிறது. நம் மேட்டு நிலங்களுக்கு எந்த ஆண்டு அதிகம் வருகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு: 2018இல் அந்த உருளைக்கிழங்கு நிலம், தூண்கள் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்த பிறகும், வெறும் உருளைக்கிழங்கு நிலம் தருவதில் 103 சதவீதம் தந்தது. மின்சாரம், வெறும் சோலார் பண்ணை தருவதில் 83 சதவீதம். கூட்டினால் 186. ஒரே நிலம் ஏறத்தாழ இரண்டு நிலத்தின் வேலையைச் செய்திருக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில் கிரெக் பாரன்-காஃபோர்டு குழுவினர் செய்த சோதனை 2019இல் வெளியானது. செர்ரி தக்காளி இரண்டு மடங்கும், சில்ட்டெபின் என்ற மிளகாய் மூன்று மடங்கும் காய்த்தன. பயிர் விட்ட நீராவியால் பேனல்களும் பகலில் 9 டிகிரி வரை குளிர்ந்திருந்தன. பேனல் சூடாகச் சூடாக மின்சாரம் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் இழப்பு. ஆக, கீழே இருக்கும் பயிர் மேலே இருக்கும் பேனலுக்கும் உதவுகிறது.

ஆனால் சில்ட்டெபின் என்பது காட்டில் மரநிழலில் தானாக வளரும் மிளகாய். அதை வைத்து ராமநாதபுரம் குண்டு மிளகாயும் மூன்று மடங்கு காய்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது கரிசலில் முழு வெயிலைக் குடித்து வளர்ந்து பழகிய பயிர்.

நம் நாட்டில் எங்கே செய்கிறார்கள்?

ராஜஸ்தானில் ஜோத்பூரில் இருக்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் 105 கிலோவாட் அமைப்பை வைத்து ஆராய்ந்தது. பேனல்களை ஒற்றை, இரட்டை, மூன்று வரிசைகளாக வைத்து நடுவே 3, 6, 9 மீட்டர் இடம் விட்டார்கள். பாசிப்பயறு, நரிப்பயறு, கொத்தவரை, சீரகம், சோற்றுக்கற்றாழை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். பேனல் மேல் விழும் மழையைத் தகரக் கால்வாய் வழியாகத் தொட்டியில் சேர்த்து, அதையே பேனல் கழுவவும் பயிருக்குப் பாய்ச்சவும் பயன்படுத்தினார்கள். வானம் பார்த்த பூமிக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னும் அருகே பார்க்க வேண்டுமானால் கொச்சி விமான நிலையம். 2015 ஆகஸ்டில் தன் தேவை முழுவதையும் சூரிய மின்சாரத்தால் நிறைவு செய்யும் உலகின் முதல் விமான நிலையம் ஆனது. 45 ஏக்கரில் 12 மெகாவாட். பேனல் வரிசைகளுக்கு இடையே பூசணி, பாகல், பயறு, இஞ்சி, மஞ்சள் எல்லாம் விளைவிக்கிறார்கள். பேனல் கழுவும் தண்ணீர் செடிக்குப் போகிறது. செடி தரையை மூடியிருப்பதால் களையும் தூசியும் குறைகின்றன.

எங்கள் பயிர்களில் எது ஒத்துவரும்?

என் கணிப்பில், இஞ்சி, மஞ்சள், சேனை, கருணைக்கிழங்கு, கீரை வகைகள், கொத்தமல்லி, புதினா ஆகியவற்றைத் தயங்காமல் முயன்று பார்க்கலாம். கோடையில் ஒரு கட்டுக் கொத்தமல்லிக்காக நிழல்வலை கட்டுகிறோமே, அந்த வலையின் வேலையைப் பேனல் செய்யும். தக்காளி, கத்தரி, பாசிப்பயறு, உளுந்து, கொத்தவரை ஆகியவற்றை வரிசைகளுக்கு நடுவே, கொஞ்சம் வெயில் கிடைக்கும் பட்டைகளில் வைக்கலாம்.

நெல்லுக்கு வேண்டாம். நிழலில் தூர் கட்டுவது குறையும், பதர் கூடும். மக்காச்சோளம், கரும்பு, பருத்தி, எள் ஆகியவற்றுக்கும் வேண்டாம். சின்ன வெங்காயம் வைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். வெளிச்சம் குறைந்தால் தாள் மட்டும் செழித்துக் காய் சிறுத்துப்போகும். பட்டையின் நடுவே மட்டும் பார்க்கலாம், பேனலுக்குக் கீழே கூடாது.

நோயையும் கணக்கில் கொள்ளுங்கள். ஈரம் நிற்கும் இடத்தில் பூஞ்சாணம் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேனலுக்குக் கீழே காற்றோட்டம் இல்லாமல் நெருக்கி நட்டால் இலைப்புள்ளியும் அழுகலும் நிச்சயம். வெயில் காலத்தில் நண்பனாக இருக்கும் நிழல் மழைக்காலத்தில் அப்படி இருக்காது.

நிழல் எந்தப் பக்கம் விழும்?

இதை யாரும் கேட்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நம் ஊரில் பேனல்களைத் தெற்குப் பார்த்து 10 டிகிரிக்குச் சற்று மேல் சாய்த்து வைப்பார்கள். கரூர், தாராபுரம் வட்டாரத்தில் 10 அடித் தூண் ஒன்றை நட்டுவைத்துப் பாருங்கள். மார்கழி தொடக்கத்தில் நடுப்பகலில் அதன் நிழல் வடக்கே 7 அடி நீளும். ஆனி தொடக்கத்தில் அதே தூணின் நடுப்பகல் நிழல் தெற்கே 2 அடிதான். சித்திரையிலும் ஆவணியிலும் ஒரு நாள் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அதாவது, மார்கழிப் பட்டத்தில் நிழலாக இருக்கும் பாத்தி, ஆடிப் பட்டத்தில் வெயிலில் இருக்கும். எந்தப் பட்டத்தில் எந்தப் பயிர் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வரிசைகளின் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். பேனல்காரர் தன் வசதிக்கு இடைவெளியை முடிவு செய்த பிறகு, மிச்சத்தில் பயிரைத் திணித்தால் அது விவசாயம் ஆகாது.

டிராக்டர் உள்ளே போகுமா?

வடிவமைப்பிலேயே இடம் விட்டால் போகும். சிறிய பவர் டில்லருக்கு 7, 8 அடி உயரம் போதும். மேலே சட்டம் வைத்த டிராக்டருக்கு 10 அடிக்குக் குறையக்கூடாது. அறுவடை இயந்திரம் வர வேண்டுமானால் 13, 14 அடி தேவைப்படும். வரிசைத் தலைமாட்டில் திரும்ப இடம் வேண்டும். கலப்பை தூணில் மோதினால் கெடுவது கலப்பை மட்டுமல்ல.

உயரம் கூடக்கூடச் செலவு ஏறும் என்பதுதான் இந்த முறையின் பெரிய குறை. பேனலின் விலை இரண்டு முறையிலும் ஒன்றுதான். இரும்பும் அஸ்திவாரமும்தான் பணத்தை விழுங்கும். உயரத்தில் காற்று கூடுதலாக வீசும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளை வேரோடு சாய்த்ததையும் மறக்கவில்லை. காற்றுச் சுமையைக் கணக்கிட்டு ஒரு கட்டுமானப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் உயரப் பந்தல் போடாதீர்கள். இந்தச் செலவு தாங்காதென்றால், தாழ்வான வரிசையும் அகல இடைவெளியுமே நம் நிலங்களுக்குப் பொருத்தம்.

தண்ணீர் மிச்சமாகுமா?

ஆகும். அரிசோனாவில் ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சியபோது, பேனலுக்குக் கீழே இருந்த மண்ணில் வெளியே இருப்பதைவிட 15 சதவீதம் கூடுதல் ஈரம் இருந்தது. போர் ஆயிரம் அடிக்குப் போய்விட்ட ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் மழையின்போது ஒரு புதுத் தொல்லை வரும். ஏழரை அடி நீளமுள்ள பேனல் மேல் விழும் மழை முழுவதும் அதன் கீழ் விளிம்பிலிருந்து ஒரே கோட்டில் கொட்டும். கனமழை ஒன்றில் இப்படிப்பட்ட வரிசை ஒன்றைப் பார்த்தேன். விளிம்புக்கு நேர் கீழே அரை அடி ஆழத்துக்கு மண் அரித்து வாய்க்கால் ஆகியிருந்தது. முளைத்து நான்கு நாளான பாசிப்பயறு அந்தக் கோட்டில் மட்டும் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தது. ஒரு சாண் தள்ளி இருந்த செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளிம்பில் தகரக் கால்வாய் போட்டுத் தண்ணீரைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோக வேண்டும். பணமில்லையென்றால் அந்தக் கோட்டில் பயிர் வைக்காமல் கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து மண்ணைப் பிடித்துவைக்க வேண்டும்.

எனக்கு மின்சாரம் விற்க வேண்டாம். கிணற்று மோட்டார் ஓடினால் போதும். எவ்வளவு நிலம் போகும்?

ஒரு சென்ட்கூடப் போகாது. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் பேனல் வேண்டும். இன்று விற்கும் 540 வாட் பேனல் ஏறத்தாழ ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி. பத்து பேனல் வைத்தால் 280 சதுர அடி. ஒரு சென்ட் 435 சதுர அடி. கிணற்று மேட்டிலோ மாட்டுக் கொட்டகைக் கூரையிலோ அடங்கிவிடும். பயிரோடு எந்தப் போட்டியும் இல்லை. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக சோலார் பம்புக்கு மானியமும், ஆதிதிராவிடர், பழங்குடியினரான சிறு குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் கிடைக்கின்றன. முதலில் உங்கள் வட்டார உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். பகல் முழுக்கச் செலவில்லாமல் மோட்டார் ஓடினால், நிறுத்த மனம் வராது. நிலத்தடி நீர் இன்னும் கீழே போகும். குஜராத்தில் கேடா மாவட்டத்தின் துண்டி கிராமத்து விவசாயிகள் 2016இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சோலார் பம்பு வைத்திருப்பவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, பாசனத்துக்குப் போக மிச்சமான மின்சாரத்தை விற்றார்கள். தண்ணீரை வீணாக இறைத்தால் விற்க மின்சாரம் இருக்காது. அதனால் மோட்டாரை நிறுத்துவதில் அவர்களுக்கே லாபம் வந்தது.

மின்சாரம் விற்க வேண்டுமானால்?

மத்திய அரசு 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களுக்கானது. தனி விவசாயியோ, குழுவோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, ஊராட்சியோ விண்ணப்பிக்கலாம். துணை மின்நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்துக்கு முன்னுரிமை. தரிசு நிலத்துக்கான திட்டம்தான் இது என்றாலும், விளைநிலத்தில் தூண்மேல் பேனல் வைத்துக் கீழே பயிர் செய்தால் அதற்கும் விதியில் இடமுண்டு. இந்த ஒரு வரியைப் பல அலுவலகங்களில் நாமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட்டுக்குச் சற்று மேல் தரும். விற்பனை விலை ஒப்பந்தக் காலமான 25 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே முடிவாகிவிடும். முதலீடு கோடிகளில் என்பதால் இரண்டு ஏக்கர்காரர் தனியாக இறங்கக்கூடாது. பத்துப் பேர் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனமாகப் போவதே நல்லது.

ஒரு நிறுவனம் குத்தகைக்குக் கேட்கிறது. கொடுக்கலாமா?

எங்கள் பெரியப்பா நான்கு ஏக்கர் கொடுத்தார். மழையில்லாத மூன்று வருடம், கல்யாணக் கடன், வருடா வருடம் உறுதியான பணம். அவர் எடுத்த முடிவில் நான் குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் முப்பது பக்கத்துக்கு மேல், எல்லாம் ஆங்கிலத்தில். கையெழுத்துப் போட்டு ஒரு மாதம் கழித்துத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் நீட்டினார். “தம்பி, இதில் எங்கள் கிணறு எந்த வரியில் இருக்கிறது?” என்று கேட்டார். இரண்டு முறை படித்தேன். கிணறு எந்த வரியிலும் இல்லை. ‘நிலத்தின் முழு அனுபவ உரிமை’ என்ற சொல்லுக்குள் அது போய்விட்டிருந்தது. இன்று பெரியம்மா வேலிக் கதவருகே குடத்தோடு நின்று காவலாளியைக் கூப்பிடுகிறார். அவர் நல்ல மனிதர், திறந்துவிடுகிறார். எருமைகளுக்குத் தீவனம் விலைக்கு வாங்குகிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் பயிர் என்ற சொல் ஒரு இடத்தில்கூட வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பேச்சில் ஒப்புக்கொண்ட எதையும் எழுத்தில் வாங்குங்கள். கிணறும் வண்டிப்பாதையும் யாருக்கு, வரிசைகளுக்கு நடுவே எத்தனை அடி, பேனலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடி, உள்ளே விதைக்கவும் அறுக்கவும் யாருக்கு உரிமை, பேனல் கழுவும் தண்ணீர் எங்கிருந்து, குத்தகைத் தொகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் உயரும், நிறுவனம் கைமாறினால் என்ன, காலம் முடிந்ததும் கான்கிரீட்டைத் தோண்டி எடுத்து நிலத்தைச் சமன் செய்வது யார். இவை எல்லாம் தமிழில் எழுதப்பட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். நிறுவனம் உங்கள் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கும் உரிமையைக் கேட்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். நன்செய் நிலமானால் வகைமாற்ற அனுமதி பற்றி வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

பேனலுக்குக் கீழே பயிர் விளைய வேண்டும் என்பதை மற்ற நாடுகள் விதியாகவோ தர அளவாகவோ எழுதியே வைத்திருக்கின்றன. ஜப்பானில் 2013 முதல், பேனலுக்குக் கீழே விளைச்சல் அந்த வட்டாரச் சராசரியில் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி. ஜெர்மனியின் 2021ஆம் ஆண்டுத் தர அளவு குறைந்தது 66 சதவீதம் என்கிறது. பிரான்சில் 2024 விதிப்படி 10 சதவீதத்துக்கு மேல் விளைச்சல் குறையக்கூடாது. எண்கள் வேறாக இருந்தாலும் மூன்று நாடுகளும் பயிரை முதலில் வைக்கின்றன. நம் அரசும் இப்படி ஓர் எண்ணை வைத்தே தீர வேண்டும். இல்லையென்றால் நாலு மூலையில் நாலு கீரைப் பாத்தி போட்டுப் படம் எடுத்து, ‘விவசாயத்தோடு சேர்ந்த சோலார்’ என்று பெயர் வாங்கிக்கொள்வார்கள்.

நிலம் வைத்திருப்பவருக்குக் குத்தகை வரும். கூலிக்கு வருபவருக்கு?

இந்தக் கேள்வியை ஒரு கூட்டத்தில் களை எடுக்கும் அம்மா ஒருவர் எழுந்து கேட்டார். மேடையில் இருந்த யாரிடமும் உடனே பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் 2,500 ஏக்கரில் எழுந்தது. அதில் பேனல் துடைப்பதே இயந்திரங்கள்தான். வெறும் பேனல் மட்டும் இருக்கும் நிலத்துக்கு ஆள் தேவையில்லை. அந்த வட்டாரத்துச் சீமைக்கருவேலக் காடும் தரிசும் அறுத்த காடும், ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகும் கீதாரிகளின் மேய்ச்சல் வழி. அவர்கள் ஆட்டுக் கிடை போட்டால் நிலத்துக்கு எரு, ஆட்டுக்கு மேய்ச்சல், கீதாரிக்குக் கூலி நெல்லோ பணமோ. வேலி வந்தால் பட்டா வைத்திருப்பவருக்கு ஈடு கிடைக்கும். மேய்த்தவருக்கும் கரிமூட்டம் போட்டவருக்கும் எந்தத் தாளிலும் பெயரில்லை.

பயிரோடு பேனல் இருந்தால் விதைப்பு, களையெடுப்பு, பறிப்பு எல்லாம் அங்கேயே நடக்கும். பேனல் கழுவும் வேலையும் கூடும். இந்த முறையை நான் ஆதரிப்பதற்கு விளைச்சல் கணக்கைவிட இதுவே பெரிய காரணம்.

அப்படியானால் உள்ளே ஆடு விடலாமா?

செம்மறி விடலாம். குனிந்து புல்லை மேயும், தன் பாட்டுக்குப் போகும். சீனாவின் சிங்ஹாய் மாநிலத்தில் பெரிய சோலார் பூங்காக்களில் ஆடு மேய்கிறது, அமெரிக்காவிலும் மேய்கிறது. வெள்ளாடு கூடவே கூடாது. முன்னங்காலைத் தூக்கிப் பேனல்மேல் வைக்கும், ஒயரைக் கடிக்கும்.

பேனல் வந்தால் மழை வராது, மண் கெட்டுவிடும் என்கிறார்களே?

மழையைப் பேனல் விரட்டாது. பெரிய நிலையத்துக்குள், செடி கொடியே இல்லாத இடத்தில், இரவில் பக்கத்துக் காட்டைவிட 3, 4 டிகிரி சூடு கூடுதலாக இருப்பதை அரிசோனாவில் அளந்திருக்கிறார்கள். செடிகள் இருந்தால் அந்தச் சூடு தணியும். மண்ணைக் கெடுப்பது பேனலைவிடப் பேனல்காரர்கள் அடிக்கும் களைக்கொல்லியும், ஜேசிபியால் மேல்மண்ணைச் சுரண்டுவதும்தான். ஓர் அங்குல மேல்மண் போனால் உங்கள் பேரன் காலத்திலும் திரும்பாது. பேனல் உடைந்தால் கண்ணாடித் துண்டுகளை அன்றே பொறுக்கிவிட வேண்டும். வெறுங்காலோடு களையெடுக்கும் காடு அது. பழைய பேனல்கள் 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளுக்குள் வருகின்றன. பழைய இரும்புக்காரரிடம் போடக்கூடாது.

ஷாக் அடிக்குமா?

கவனக்குறைவாக இருந்தால் அடிக்கும். மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பெரிய அமைப்புகளில் அது 1,000 வோல்ட் வரையும் அதற்கு மேலும் போகும். ஒயரெல்லாம் குழாய்க்குள், மண்வெட்டி எட்டாத ஆழத்தில் போக வேண்டும். போகும் பாதையை வரைந்து வாங்கி, வரப்பில் கல் நட்டு அடையாளம் செய்யுங்கள். புதிதாக வேலைக்கு வருபவர் யாராக இருந்தாலும் முதலில் அந்தக் கற்களைக் காட்டிவிட்டுத்தான் மண்வெட்டியைக் கையில் கொடுக்க வேண்டும்.

பணம் போடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. சவுக்குக் கம்புகளும் தென்னங்கீற்றும் போதும். பேனல் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில், எத்தனை அடி அகலத்தில் வரப்போகிறதோ அதே அளவில் கீற்றுப் பட்டை ஒன்றைக் கிழக்கு மேற்காகக் கட்டுங்கள். நிறுவனம் சொன்ன இடைவெளியை விட்டு இரண்டாவது பட்டையைக் கட்டுங்கள். ஐந்து சென்ட் போதும். கீற்று வெளிச்சம் விடாமல் அடர்த்தியாக வேய்ந்திருக்க வேண்டும். உங்கள் வழக்கமான விதையை, வழக்கமான பட்டத்தில், பட்டைக்குக் கீழேயும் நடுவிலும் வெளியே முழு வெயிலிலும் விதையுங்கள். மூன்று இடத்துக்கும் பாய்ச்சிய தண்ணீரையும் பறித்த காயையும் தனித்தனியாக எடை போட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஆடிப் பட்டம் ஒன்று, தைப் பட்டம் ஒன்று. நிறுவனத்துக்காரர் மறுபடி வரும்போது வரைபடத்தை அவர் விரிக்கட்டும், நோட்டை நீங்கள் விரியுங்கள்.